பாசறையும் இல்லமும்: போர்க்காலத்து எளிய வான்படையாளனின் வாழ்க்கை

போர் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவில் எழுவோர் வேந்தரும் தளபதியருமே ஆவர். பாட நூல்களும் அவர்தம் பெயர்களையே பெரும்பாலும் பேசுகின்றன. எத்துணைக் கப்பல்கள் மூழ்கின, எத்துணை விமானங்கள் வீழ்ந்தன என்னும் கணக்கையும் அவை தருகின்றன. அக்கப்பலிலும் விமானத்திலும் இருந்தோர் யாவர், அவர் உண்டது யாது, உடுத்தது யாது, அவரை எதிர்நோக்கி வீட்டிலிருந்தோர் எவ்வாறு நாட்களைக் கழித்தனர் என்பனவற்றை அறிய விழைவோர்க்கு அந்நூல்கள் அதிகம் உதவுவதில்லை.

நம் பழந்தமிழ்ப் புலவர் இத்துறையில் நமக்கு நல்ல வழிகாட்டிகளாவர். பத்துப்பாட்டினுள் மிகச் சிறியது நப்பூதனார் இயற்றிய முல்லைப்பாட்டு. நூற்றுமூன்று அடிகளே கொண்ட அப்பாட்டிலே அரசனுக்குக் கிடைத்த இடத்தினும் குறையாத இடம் பாசறையிற் பணிசெய்யும் எளியோர்க்குக் கிடைத்திருக்கிறது. யானையைப் பழக்கி உணவூட்டும் இளைஞர், விளக்குக்கு நெய்வார்க்கும் மகளிர், நாழிகையளந்து கூறுவோர், காவல் நிற்கும் யவனர் என்போரை எல்லாம் புலவர் கண்டு பாடினார். அப்பாட்டின் மற்றொரு பாதி இல்லத்தைப் பற்றியது. பிரிந்த தலைவன் வருவானோ என நற்சொற் கேட்க ஊர்ப்புறஞ் செல்லும் முதுபெண்டிரும், துயில் கொள்ளாது மனைக்கண் இருக்கும் தலைவியும் அங்கே காட்சி தருகின்றனர். பாசறையும் இல்லமும் ஒரே துணியின் ஊடும் பாவுமாகும் என்பதே முல்லைத்திணையின் உட்கருத்து எனலாம்.

அக்கண்கொண்டே இரண்டாம் உலகப் போர்க்காலத்து வான்படையாளன் ஒருவனுடைய வாழ்க்கையை இக்கட்டுரையில் நோக்குவோம். இதற்கு நாம் நெடுந்தூரஞ் செல்ல வேண்டியதில்லை.

இரு தளங்களுக்கிடையே பம்பலப்பிட்டி

எமது கல்லூரி அமைந்த பம்பலப்பிட்டி, போர்க்காலத்தில் இரண்டு விமானத் தளங்களுக்கு இடைப்பட்ட ஊராய் இருந்தது. காலி வீதிவழியே தெற்கே சில மைல் சென்றால் இரத்மலானை. 1930-களில் நாட்டின் முதல் விமான நிலையமாக அமைந்த அவ்விடம் போர் மூண்டதும் படைத்தளமாயிற்று. கிழக்கே ஒன்றிரண்டு மைலில் கறுவாத் தோட்டத்துக் குதிரைப் பந்தயத் திடல். பந்தயக் குதிரைகள் ஓடிய நிலத்திலே 1942 ஆம் ஆண்டில் ஓடுபாதை அமைத்துப் போர் விமானங்களை நிறுத்தினர். இன்று விளையாட்டரங்காகவும் கடைத்தொகுதியாகவும் விளங்கும் அத்திடலிற் பொழுது போக்குவோருட் பலர் இதனை அறியார்.

அத்திடலை அடுத்திருந்த றோயல் கல்லூரியின் கட்டடங்களைப் படையினர் எடுத்துக்கொள்ள, அதன் மாணாக்கர் அயலிலுள்ள மாளிகைகளில் இருந்து கல்வி கற்றனர். கொழும்பிலே வேறு பாடசாலைகள் சிலவற்றுக்கும் அதுவே நேர்ந்தது. கரும்பலகை இருந்த சுவரருகே நோயாளர் கட்டிலும், மாணாக்கர் பந்தாடிய முற்றத்திலே படை வண்டியும் நின்ற காலம் அது. எமது கல்லூரி அப்போது பிறந்திலது. 1951 ஆம் ஆண்டிலேதான் அது தோன்றியது. இலங்கை வான்படையும் அதே 1951 ஆம் ஆண்டு மார்ச்சு 2 ஆந் தேதி தோன்றியமை நினைத்துப் பார்த்தற்குரிய ஓர் ஒற்றுமையாகும்.

இவ்விரு தளங்களேயன்றி நாடெங்கும் தளங்கள் எழுந்தன. தெற்கே கொக்கலையில் நீர்விமானத் தளம். கிழக்கே திருகோணமலைச் சீனன்குடா. மேற்கே நீர்கொழும்பு, கட்டுக்குருந்தை, புத்தளம். நடுவே மின்னேரியா, சிகிரியா. வடக்கே வவுனியா, பலாலி. வலிகாமத்துச் செம்மண்ணிலே புகையிலையும் வெங்காயமும் கண்டு பழகிய உழவர், அதே மண்ணில் ஓடுபாதை நீளுவதைக் கண்டனர்.

எளிய வான்படையாளன் யாவன்?

வான்படையாளன் என்றதும் வானிற் பறப்பவன் என்றே எவரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. 1944 ஆம் ஆண்டளவிற் பிரித்தானிய வான்படையிற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பணியாற்றினர். அவருட் பறந்தோர் ஒரு சிறு பகுதியினரே. ஏனையோர் நிலத்தில் நின்று உழைத்தவர். அவர்தம் பதவிகளின் கீழ்ப்படி ‘எயார்கிறாப்ற்மன்’ என்பது. இரண்டாம் வகுப்பு, முதலாம் வகுப்பு, அதன்மேல் ‘லீடிங்’ என மூன்று படிகள். அதற்கு மேலே கோப்பிறல், சார்ஜன்ற் எனப் படி ஏறும். அமைதிக் காலத்திற் கடைச் சிப்பந்தியாகவும், ஆலைத் தொழிலாளியாகவும், எழுதுவினைஞராகவும், கொல்லராகவும் இருந்தோரே பெரும்பாலும் இப்பதவிகளில் அமர்ந்தனர்.

ஒவ்வொருவனுக்கும் ஒரு தொழில் உண்டு. பொறியைப் பேணுவோன் ஒருவன். விமானத்தின் உடலையும் சிறகையும் கட்டுப்பாட்டுக் கம்பிகளையும் பேணுவோன் ஒருவன். துப்பாக்கிகளைத் துடைத்துத் தோட்டா நிரப்புவோன் ஒருவன். வானொலிக் கருவியைத் திருத்துவோன் ஒருவன். மின்கலம், அளவுகருவி, குடை என்பனவற்றுக்கு உரியோர் தனித்தனி. பாராசூட்டு என்னும் குடையை மடித்துக் கட்டுவோனுடைய விரல்களிலே முன்பின் அறியாத ஒருவனுடைய உயிர் தங்கியிருந்தது.

இவர்தம் பொறுப்பின் தன்மையை விளக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஒவ்வொரு விமானத்துக்கும் ‘படிவம் 700’ எனப்பட்ட ஒரு பதிவேடு உண்டு. நாடோறும் பொறிவல்லானும் உடல்வல்லானும் ஆயுதவல்லானும் தத்தம் பகுதியைச் சோதித்து அதிற் கையொப்பமிடுவர். எல்லாக் கையொப்பங்களையும் கண்ட பின்னரே விமானி தானும் கையொப்பமிட்டு விமானத்தை ஏற்றுக்கொள்வான். விமானம் திரும்பி வரவில்லையாயின் அவ்வேட்டை எடுத்துப் பார்ப்பர். தான் ஒப்பமிட்ட விமானம் கடலிலே வீழ்ந்தது பகைவன் குண்டினாலோ, தான் முறுக்க மறந்த ஒரு திருகாணியினாலோ என்னும் ஐயம் ஒருவனை வாழ்நாள் முழுதும் வருத்தவல்லது. வாளேந்திப் பகைவனை எதிர்நின்று பொருதவன் அறியாத துன்பம் இது.

இலங்கையில் அவர்க்கு வாய்த்த உறையுள் பெரும்பாலும் கிடுகு வேய்ந்த கொட்டில்களே. குளிர்நாட்டிற் பிறந்தோர் தென்னங்கீற்றின் கீழே, நுளம்பு வலைக்குள்ளே, வியர்வையிற் கிடந்து துயின்றனர். வேர்க்குருவும் வயிற்றோட்டமும் மலேரியாவும் அவரை வாட்டின. மலேரியாவைத் தடுக்கக் கொடுத்த மெப்பக்கிரீன் மாத்திரை மேனியையே மஞ்சளாக்கிற்று. கடற்காற்றின் உப்பு உலோகத்தைத் தின்றது; நண்பகல் வெயிலில் நின்ற விமானத்தின் தகட்டிற் கைவைக்க இயலாது. இத்தனைக்கும் இடையே பொறி தவறாது இயங்கவேண்டும்.

1942 ஏப்பிரில் 5, ஞாயிறு

இவ்வெளியோரின் உழைப்புக்குச் சோதனை வந்த நாள் 1942 ஆம் ஆண்டு ஏப்பிரில் 5 ஆந் தேதி. அன்று கிறித்தவர்தம் உயிர்த்த ஞாயிறு.

அதற்கு முன் நிகழ்ந்தவற்றைச் சுருங்கச் சொல்வோம். 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூனும் ஜாவாவும் வீழ்ந்தன. ஜாவாவிலே பறக்க விமானமில்லாது நின்ற வான்படையாளர் பல்லாயிரவர் சிறைப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் நிலத்தொழிலாளரே. அங்கிருந்து தப்பிவந்த சிலரைக் கொண்டு 258 ஆம் அணி கொழும்பிலே மீண்டும் உருப்பெற்றுப் பந்தயத் திடலில் அமர்ந்தது. மத்திய கிழக்கிலிருந்து வந்த 30 ஆம் அணி இரத்மலானையில் அமர்ந்தது. இரண்டும் ‘ஹரிக்கேன்’ விமானங்களை உடையன.

ஏப்பிரில் 4 ஆந் தேதி கொக்கலையிலிருந்து ‘கற்றலினா’ நீர்விமானம் ஒன்று காவலுக்குப் புறப்பட்டது. கனடா நாட்டு 413 ஆம் அணியைச் சேர்ந்த அவ்விமானத்தின் தலைவர் லெனாட் பேர்ச்சல். அவருடன் எண்மர். மாலைவேளையில் தென்கடலிலே ஜப்பானியக் கப்பற்படை வருவதை அவர்கள் கண்டனர். கண்டதை வானொலியாற் கொழும்புக்கு அறிவிக்க முயன்றனர். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே பகை விமானங்கள் சூழ்ந்து சுட்டன. ஒன்பதின்மருள் மூவர் மாண்டனர். அறுவர் சிறைப்பட்டு, 1945 வரை ஜப்பானிலே துன்புற்றனர். பேர்ச்சலை ‘இலங்கையின் காவலர்’ எனப் பிற்காலத்தார் போற்றினர், அப்போற்றல் தக்கதே. எனினும் அச்செய்தியை வானில் ஏற்றிய விரல்கள் ஒரு வானொலியாளனுடையன என்பதையும் நாம் மறத்தலாகாது. தலைவன் பெயர் நிலைத்தது. தொண்டர் பெயர்கள் பட்டியல்களிலே உறங்குகின்றன. அவ்வறுவர் உயிரோடிருக்கின்றனர் என்பது அவர்தம் குடும்பத்தார்க்கு நெடுங்காலந் தெரியாதிருந்தது.

மறுநாட் காலை ஏழரை மணியளவில் ஏறக்குறைய 125 ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மேல் வந்தன. எச்சரிக்கை செய்திருக்க வேண்டிய றேடார்க் கருவி அன்று பயன்படவில்லை. இரத்மலானைக்கு மேலே பகைவர் வந்த பின்னரே 30 ஆம் அணியின் விமானங்கள் எழுந்தன. இவ்வொரு வாக்கியத்துள் அடங்கிக் கிடக்கும் செயலைச் சற்று விரித்து நோக்குவோம். ஹரிக்கேன் தானே எழுந்து ஓடுவதன்று. ஒருவன் மின்கல வண்டியை இழுத்துவந்து பொறியோடு இணைக்கவேண்டும். ஒருவன் விமானியை இருக்கையிற் பட்டி பூட்டி அமர்த்தவேண்டும். பொறி முழங்கியதும் சுழலும் விசிறியின் அருகே குனிந்து சக்கரக் கட்டைகளை இழுத்தெறிய வேண்டும். விமானி பறந்து சென்றபின் இவர்க்குச் செல்ல வானமில்லை, பதுங்குகுழியே உண்டு. குண்டுகளுக்கு நடுவே இவற்றைச் செய்தோரின் துணிவு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

அன்று பதினைந்துக்குக் குறையாத ஹரிக்கேன் விமானங்கள் அழிந்தன. திருகோணமலைப் பக்கமிருந்து கொழும்பை நோக்கி அறியாது வந்த ஆறு ‘சோட்பிஷ்’ விமானங்கள் நடுவானிலே அகப்பட்டு வீழ்ந்தன. துறைமுகத்தில் இரு போர்க்கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநோய் மருத்துவசாலையிலும் குண்டு வீழ்ந்து உயிர்கள் மாண்டன. அதே நாளிற் றெற்குக் கடலிலே ‘கோண்வால்’, ‘டோசெற்சயர்’ என்னும் இரு கப்பல்கள் நானூற்றுக்கு மேற்பட்டோருடன் மூழ்கின. ஏப்பிரில் 9 ஆந் தேதி திருகோணமலை தாக்குண்டது. மட்டக்களப்புக் கடலிலே ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந் தாங்கிக் கப்பல் மூழ்கியது. இத்துணையும் ஐந்து நாளில் முடிந்தது. வந்த படை திரும்பிச் சென்றது, மீண்டு வரவில்லை. ஆயின் அது வாராதென்பதை அன்று அறிந்தார் எவருமிலர். தரையில் நின்ற தொழிலாளர் அடுத்த மூன்று ஆண்டும் ஒவ்வொரு விடியலிலும் வானத்தை நோக்கியே பொறியை முடுக்கினர்.

இல்லிருந்தோர்

இனி இல்லத்தை நோக்குவோம். படையிற் சேர்ந்தோனுடைய ஊதியத்தில் ஒரு பகுதியை மனைவிக்கென அரசாங்கம் பிடித்துக்கொள்ளும். அதனோடு தானும் ஒரு தொகை சேர்த்து அவளுக்கு வாரந்தோறும் வழங்கும். தபாற்கந்தோரிலே புத்தகத்தைக் காட்டிப் பணம் பெறுவாள். அத்தொகை சிறிது. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் சப்பாத்தும் அதனுள் அடங்கவேண்டும். ஆகவே பெண்டிர் பலர் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் வேலைக்குச் சென்றனர். உணவும் உடையும் பங்கீட்டு அட்டைக்கே கிடைத்தன. தந்தை முகம் அறியாத குழந்தை, மேசைமேலிருந்த நிழற்படத்தையே தந்தை என்று அழைத்தது.

கடிதமே அவர்க்கு உயிர். கப்பல்வழி வந்த கடிதம் பல வாரங்கள், சிலவேளை பல மாதங்கள் சென்றே கைசேரும். இக்குறையைத் தீர்க்க 1941 ஆம் ஆண்டில் ‘எயார்கிறாவ்’ என்னும் முறை தோன்றியது. எழுதிய தாளை நிழற்படமாகச் சிறு சுருளிற் பதிந்து, சுருளை மட்டும் விமானத்தில் அனுப்பி, சேருமிடத்தில் மீண்டும் படமெடுத்துக் கொடுப்பர். மூட்டை மூட்டையான கடிதங்கள் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கின. உள்ளங்கையளவு தாளிலே மனைவியின் கையெழுத்துச் சிறுத்துத் தோன்றும். அதனையும் ஆயிரவர் நெஞ்சோடு அணைத்தனர்.

கடிதத்துக்குக் கட்டுப்பாடும் இருந்தது. இருக்கும் ஊரின் பெயரை எழுதலாகாது. அணியின் செய்தி எழுதலாகாது. எழுதியதை அதிகாரி ஒருவர் படித்த பின்னரே உறை ஒட்டப்படும். தன் மனைவிக்கு எழுதும் மொழியைப் பிறனொருவன் படிப்பான் என்றறிந்து எழுதுவோன் எதனை எழுதுவான்? மழை பெய்தது, தேநீர் நன்று, நலம், நலமறிய அவா. ஆதலின் அக்காலத்துக் கடிதங்களிலே சொல்லாத பொருளே மிகுதி. சொல்லாமற் சொல்லும் குறிப்புப் பொருளை நம் இலக்கணகாரர் இறைச்சி என்றனர். அக்கடிதங்களைப் படிக்கவும் அவ்வகைப் பயிற்சி வேண்டும்.

கடிதம் வாராத வீட்டுக்குத் தந்தி வந்தது. பறந்து சென்று திரும்பாதோனைப் பற்றிய முதற்செய்தி, ‘காணப்படவில்லை’ என்பதே. இறந்தான் என்பதில்லை, இருக்கிறான் என்பதுமில்லை. ஆறு மாதம்வரை வேறு செய்தி கிடையாவிடின் இறந்தவனாகக் கொள்ளப்படுவான். அவ்வாறு மாதமும் அவள் மனைவியோ கைம்பெண்ணோ என்பதை எவருஞ் சொல்ல இயலாது. இதற்கிடையே தளத்திலே அவனுடைய பெட்டியைத் திறந்து உடைமைகளைப் பட்டியலிடுவதற்கென ஒரு குழு உண்டு. படை உடையைப் படைக்கென எடுத்துக்கொண்டு, கைக்கடிகாரம், பேனா, நிழற்படம் என்பனவற்றைக் கட்டி, இங்கிலாந்திலே கோல்ன்புறூக் என்னுமிடத்திலிருந்த பண்டகசாலை வழியாக வீட்டுக்கு அனுப்புவர். குடும்பத்தார் மனம் நோவக்கூடிய கடிதம் ஏதேனும் இருப்பின் அதனை விலக்குதலும் அக்குழுவினர் கடமையாயிருந்தது. போரின் கொடுமைக்கு நடுவே இத்தகைய மென்மையும் இருந்தது.

நம் நாட்டின் பெயரைத் தாங்கிய ஓர் அணியைப் பற்றியும் ஈண்டு கூறவேண்டும். இலங்கையர் வழங்கிய நன்கொடையின் நினைவாக, இங்கிலாந்திலிருந்த 102 ஆம் குண்டுவீச்சு அணிக்கு ‘சிலோன்’ அணி என்னும் பெயர் சூட்டினர். யோக்சயர்ப் பகுதியிலிருந்து ‘ஹலிபக்ஸ்’ விமானங்களில் அவர் பறந்தனர். ஒரு விமானத்தில் எழுவர். முப்பது முறை சென்று மீண்டால் ஒரு தவணை முடியும். முடித்தோர் சிலரே. அக்குண்டுவீச்சுப் படையிற் பறந்த ஏறக்குறைய 1,25,000 பேருள் 55,573 பேர் மாண்டனர் என்பது கணக்கு. அவர் வீசிய குண்டுகளால் ஜெர்மன் நகரங்களிலே மாண்ட பெண்டிரும் சிறுவரும் பல இலட்சவர் என்பதையும் சேர்த்தே நினைத்தல் அறமாகும். இலங்கையர் சிலரும் வான்படையிற் சேர்ந்து பணியாற்றினர். அவருள் ஒருவரான றொஹான் அமரசேகர, வீரத்துக்கான பறப்புச் சிலுவைப் பதக்கத்தை இருமுறை பெற்றவர். 1962 ஆம் ஆண்டில் நம் வான்படைக்குத் தலைமை தாங்கிய முதல் இலங்கையர் அவரே.

எம்மவர் இல்லங்கள்

கொழும்பிலே அக்காலத்தில் வாழ்ந்த தமிழர் இவ்வான்படையாளரை எவ்வாறு கண்டனர்? பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் பலர் ‘சமறி’ வாழ்க்கை நடத்தினர். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சமையற்காரனை வைத்து, மனைவி மக்களை ஊரிலே விட்டு வாழும் வாழ்க்கை அது. மாதந்தோறும் காசுக்கட்டளை ஊருக்குச் செல்லும்; கடிதமும் பலகாரமும் ஊரிலிருந்து வரும். கிடுகுக் கொட்டிலில் இருந்த எயார்கிறாப்ற்மனுக்கும் சமறியில் இருந்த எழுதுவினைஞருக்கும் மொழி வேறு, நிறம் வேறு, நாடு வேறு. ஆயினும் பிரிவு ஒன்றே. இருவரும் தபாற்காரனை எதிர்நோக்கியே நாளெண்ணினர்.

ஏப்பிரில் 5 ஆந் தேதிக்குப் பின் கொழும்பிலிருந்து மக்கள் பெருந்திரளாக வெளியேறினர். குடும்பத்தோடிருந்தோர் மனைவி மக்களை வடக்கே செல்லும் புகையிரதத்தில் ஏற்றி அனுப்பினர். கொட்டாஞ்சேனையிலும் துறைமுகத்திலும் உழைத்த தொழிலாளருட் பலர் வேலையை விட்டகன்றனர். இந்தியாவுக்கு மீண்டோரும் உளர். கடமை காரணமாகத் தலைநகரை விட்டகல இயலாத எழுதுவினைஞர், இருட்டடிப்புச் செய்த வீட்டிலே தனியே இருந்தனர். பர்மா அரிசி நின்றமையாற் சோறு பங்கீட்டுக்குள்ளாயிற்று. கோதுமை மாவும் மரவள்ளியும் குரக்கனும் அரிசியின் இடத்தைப் பெற்றன. பிட்டும் இடியப்பமும் கோதுமை மாவிற் பழகியது அக்காலத்தின் தழும்பே எனலாம்.

போர் தந்த வேறொன்றையும் நினைவுகூர்வோம். ஊரைப் பிரிந்த படைவீரர் கேட்டு மகிழ்வதற்கெனக் கொழும்பிலே ‘றேடியோ சீயாக்’ என்னும் வானொலி நிலையம் அமைந்தது. வலிமை மிக்க அதன் ஒலிபரப்பி பின்னர் இலங்கை வானொலியின் உடைமையாயிற்று. 1950-களில் தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் இலங்கை வானொலியின் தமிழோசை கேட்டதற்கு, வீட்டை நினைந்து ஏங்கிய படைவீரரும் ஒரு காரணராவர். அவ்வாறே போரிற் படையினரைச் சுமந்த ‘டகோட்டா’ வகை விமானமே, 1947 டிசம்பர் 10 ஆந் தேதி எயார் சிலோனின் முதற் பயணத்தில் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது.

காலம் மற்றொரு பாடத்தையும் அவ்விடத்திலே எழுதிற்று. 1983 ஆம் ஆண்டு ஜூலையில் வீடிழந்த தமிழ்க் குடும்பங்கள் எமது கல்லூரி மண்டபங்களிலும், இரத்மலானை விமானக் கூடங்களிலும் அகதிகளாய்த் தங்கின. 1942 இல் வேற்று நாட்டார் படுத்துறங்கி ஊரை நினைந்த நிலத்திலே, நாற்பத்தோராண்டின் பின் இந்நாட்டார் படுத்துறங்கி ஊரை நினைந்தனர். பிரிவும் அச்சமும் ஓரினத்தார்க்கு மட்டும் உரியன அல்ல.

போர் முடிந்தும் முடியாத பிரிவு

1945 ஆகத்தில் ஜப்பான் பணிந்தது. போர் முடிந்தது, வீடு செல்லலாம் என எல்லாரும் எண்ணினர். ஆனால் வயதையும் பணியாண்டையும் கணக்கிட்டுத் தொகுதி தொகுதியாகவே விடுவித்தனர். கப்பல் இல்லை என்றனர். ஆண்டுக்கணக்காகப் பிள்ளை முகங் காணாதவன், போரற்ற காலத்திலும் அணிவகுப்புக்கும் உடைச்சோதனைக்கும் நிற்க நேர்ந்தது. பொறுமை கடந்தது.

1946 ஜனவரியிற் கராச்சி நகரின் டிறிக் றோட் தளத்திலே வான்படையாளர் பணி செய்ய மறுத்து அமர்ந்தனர். அம்மறுப்பு இந்தியாவெங்கும் பரவி, இலங்கைத் தளங்களுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றது. அறுபதுக்கு மேற்பட்ட தளங்களில் ஏறக்குறைய 50,000 பேர் இதில் ஈடுபட்டனர் என்பர். கல்லெறியவில்லை, துப்பாக்கி தூக்கவில்லை. வேலைக்கு வரமாட்டோம், வீட்டுக்கு அனுப்புக என்றனர். படைச் சட்டத்தில் இது கலகம். சிலர் வழக்குமன்றில் நிறுத்தப்பட்டனர். சிங்கப்பூரில் நோறிஸ் சிம்பலிஸ்ற் என்பவர்க்குப் பத்தாண்டுச் சிறை விதித்தனர். பின்னர் அது ஐந்தாகக் குறைந்தது. அதுவும் முடியுமுன் அவர் விடுதலையானார். விடுவிப்பு விரைவு பெற்றது. அடுத்த மாதமே பம்பாயில் இந்தியக் கடற்படையினர் கிளர்ந்தெழுந்தனர்.

இந்நிகழ்ச்சியைப் போர் வரலாறுகள் பல ஓரிரு வரியிற் கடந்து செல்லும். நமக்கோ இது முதன்மையானது. குண்டு மழையில் ஓடாது நின்றவன், தன் மகவைக் காணவேண்டும் என்பதற்காகவே முதன்முறை ஆணையை மறுத்தான். பாசறை இல்லத்துக்காகவே இருக்கிறது. இல்லம் பாசறைக்காக இல்லை என்பதை அவன் உணர்த்தினான்.

நடுகல்

வீழ்ந்த வீரனுக்குக் கல்நாட்டி, பெயரும் செயலும் பொறித்து, பூச்சூட்டி வழிபட்ட மரபு நம்முடையது. கொழும்பிலே ஜாவத்தைப் பக்கத்து லிவரமெந்து மயானத்திலும், கண்டியிலும், திருகோணமலையிலும் அப்போரில் மாண்டோரின் கல்லறைகள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. அதிகாரிக்கும் எயார்கிறாப்ற்மனுக்கும் கல்லின் அளவு ஒன்றே. பெயர், எண், அணி, நாள், வயது. அதன் கீழே குடும்பத்தார் தேர்ந்த சில சொற்கள். கடலில் வீழ்ந்து உடல் கிடையாதோர்க்கு அதுவும் இல்லை. அவர் பெயர்கள் சிங்கப்பூரின் கிறாஞ்சி என்னுமிடத்து நினைவுச் சுவரில், 24,000-க்கு மேற்பட்ட பெயர்களுக்கு இடையே பொறிக்கப்பட்டுள்ளன.

அங்கே செல்லும் மாணாக்கர் வயதுகளைப் படித்தல் வேண்டும். பத்தொன்பது, இருபது, இருபத்திரண்டு என நிற்கும் அவ்வெண்களே போரின் உரை. உயர்வகுப்பை விட்டுச் சென்று சில ஆண்டே கழிந்த எம் மாணாக்கர்தம் வயது அது.

கல்லிற் பெயர் பெற்றவரை ஓரளவு நினைக்கிறோம். பெயர் பெறாதோர் இன்னும் பலர். ஓடுபாதைக்குக் கல் சுமந்த கூலியாட்கள், தளங்களிலே கணக்கெழுதிய எழுதுவினைஞர், கொட்டிலுக்குக் கிடுகு பின்னிய பெண்டிர், படையினரின் உடை வெளுத்தோர், வடக்கே சென்ற புகையிரதத்தை இரவிரவாக ஓட்டியோர் என்போரும் அப்போரின் உறுப்பினரே. அவருட் பலர் நம்மவர். அவர்க்கு நடுகல் இல்லை; பதிவேடும் இல்லை.

ஆதலின் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பஞ் செய்கின்றோம். உங்கள் இல்லத்துப் பெட்டிகளிலே அக்காலத்துப் பங்கீட்டு அட்டை, கடிதம், நிழற்படம், தளத்துக்குள் நுழையும் அனுமதிச் சீட்டு என்பன கிடத்தல் கூடும். கறையான் அரிக்குமுன் அவற்றை எடுத்து, அவை யாருடையன, எந்த ஆண்டின என்பதைப் பின்புறத்திற் பென்சிலால் எழுதி வைப்பீராக. அக்காலத்திற் சிறுவராய் இருந்த பெரியோர் எவரேனும் உங்கள் வீட்டிலே இருப்பாராயின், அருகிருந்து கேட்டு, அவர் சொல்லைச் சொன்னவாறே குறித்து வைப்பீராக. மாணாக்கர் இதனை ஒரு விடுமுறைக்காலப் பயிற்சியாகக் கொள்ளலாம். ஆசிரியராகிய நாம் படித்துத் திருத்தித் தர ஆயத்தமாக உள்ளோம். நப்பூதனார் பாசறையின் விளக்கேற்றும் பெண்ணையும் விடாது பாடினார். பாடும் ஆற்றல் நமக்கு இல்லையாயினும், பெயரை எழுதிவைக்கும் ஆற்றல் எல்லார்க்கும் உண்டு.